கழுவாத சாக்கு

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் கூட்டைத் திறந்ததும் முதல் வேலை எச்சம் பார்ப்பது. பழைய ஐந்தும் சரி. பழுப்பாக, கெட்டியாக, மேலே சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை கோழி வண்டிக்காரரிடம் வாங்கிய, இன்னும் முட்டையிடாத இரண்டு விடைக்கோழிகளில் ஒன்றுதான் சரியில்லை. தண்ணீராகப் போயிருந்தது. கொஞ்சம் காவி நிறம். செம்மண்ணைக் கொத்தியிருக்கும். இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது.

சாக்கை விரித்து, அதன்மேல் சாய்த்துப் பிடித்து, கழுத்துக்குக் கீழே தடவினேன். இரவு முழுக்கத் தூங்கி எழுந்த கோழிக்கு இரைப்பை காலியாக இருக்க வேண்டும். இதற்கு எலுமிச்சங்காய் மாதிரி உருண்டு நின்றது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் மெதுவாகப் பிசைந்துகொடுத்தேன். பிறகு மோரில் பூண்டு நசுக்கி ஒரு கரண்டி. சாயங்காலம் எழுந்து தீவனத்துக்குச் சண்டை போட்டது. நான் தொட்டு எழுந்திருக்காத கோழி இந்தத் தெருவில் எது?

மகள் ஆபீசிலிருந்து கொண்டுவந்த போன வருடத்து டைரி இது. கிழமையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். "கோழிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறியாம்மா" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் எந்தக் கோழி எந்தத் தேதியில் என்ன போனது என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பிச் சொல்லுவேன். அவள் ஆபீசில் ஒரு காகிதம் கேட்டால் ஒரு வாரம் தேடுகிறார்களாம்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு வீடு தள்ளி இருக்கும் தையல்காரி மூச்சு வாங்க வந்து நின்றாள். ஒரு குஞ்சு கழுத்தைக் கழுத்தை நீட்டுகிறது, தின்னவில்லை என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போனேன். கூடையில் எப்போதும் இருப்பவை: எண்ணெய்ப் புட்டி, ஊசி இல்லாத ஊசிக்குழல், கரண்டி, சாக்கு.

சாக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிவைக்கிறேன். பன்னிரண்டு வருடத்துச் சாக்கு, நாலாக மடித்தால் ஒரு தலையணை அளவு. எந்த வீட்டுக் கோழியாக இருந்தாலும் இதன்மேல் வைத்ததும் அடங்கிவிடும். மந்திரம் ஒன்றும் இல்லை. கழுவுவதில்லை, அவ்வளவுதான். கோழிக்குக் கோழி வாசனைதான் தைரியம். அந்த வாசனையை நான் சோப்புப் போட்டுப் போக்குவதா? மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதை வெளியிலேயே வை என்பாள். வெளியில்தான் வைத்திருக்கிறேன்.

தையல்காரி வீட்டுக் குஞ்சுகள் என் கோழிகளின் முட்டையில் பொரித்தவை. பதினான்கு. ஐந்து வாரம் ஆகிறது. அவள் தையல் மிஷினைப் பின்வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டிருக்கிறாள், பார்த்துக்கொண்டே தைக்கலாம் என்று. "வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் மிஷின் சத்தம் மட்டும்தான்க்கா இருந்துச்சு. இப்ப பேச்சுத்துணைக்குப் பதினாலு பேர்" என்றாள்.

தடவிப் பார்த்தேன். இரைப்பையில் ஏதோ சுருண்டு கிடந்தது. வாயைத் திறந்தால் நாக்கடியில் நூல் நுனி. மஞ்சள் நூல். மிஷினுக்கடியில் கூட்டிவிட்ட நூலைத் தின்றிருக்கிறது. இழுக்கக் கூடாது, இழுத்தால் உள்ளே அறுத்துவிடும். எண்ணெய் விட்டு, பிசைந்து, காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழ நூல் தானாக வந்தது. தையல்காரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, போன வாரம் தைத்த பாவாடைக்கு வாங்கிய நூல் என்றாள். இன்றிலிருந்து அந்தக் குஞ்சுக்கு நூல்காரி என்று பெயர்.

மற்ற பதின்மூன்றும் சும்மா இருக்கவில்லை. சாக்கின்மேல் ஏறி, ஓட்டை ஓட்டையாகத் தேடிக் கொத்தி, ஒரே விளையாட்டு. விரட்ட மனம் வரவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மழை. கோழிகள் ஏழும் வெளியே வரவில்லை. எச்சம் சரி.

செப்டம்பர் 7, ஞாயிறு

பேக்கரிக்காரர் ஆள் அனுப்பினார். அவருடைய பெரிய கோழிக்கு இரைப்பை பலூன் மாதிரி தொங்குகிறது. அழுத்தினால் தண்ணீர்ப்பை மாதிரி குலுங்கியது, வாயைத் திறந்தால் புளித்த வாடை. கேட்க வேண்டியதே இல்லை. புளித்த மாவைப் பின்பக்கம் கொட்டியிருக்கிறார், இது மூக்கு முட்டத் தின்றிருக்கிறது.

"உங்க கோழி வயித்துக்குள்ள பேக்கரி நடத்துது" என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு நாள் தீவனம் கிடையாது, தண்ணீர் மட்டும், மாவு கொட்டுவதை மூடிவையுங்கள் என்று சொல்லி வந்தேன். சாக்கின்மேல் அந்தப் பெரிய கோழி குழந்தை மாதிரிக் கிடந்தது. அவருடைய ஆறு இளங்குஞ்சுகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்தார். டாக்டர் ஃபீஸ் என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், தெருவில் எனக்கு என்ன பேர் தெரியுமா, கோழி டாக்டர். தெரியும்மா, சட்டையிலயும் அந்த வாசனைதான் வருது என்றாள்.

செப்டம்பர் 10, புதன்

தையல்காரி வீட்டில் மூன்று குஞ்சு உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண் மூடி, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, குளிர்காய்கிற கிழவர்கள் மாதிரி. இரைப்பை தடவினேன், காலி. அடைப்பு இல்லை, புளிப்பு இல்லை. தரையைப் பார்த்தேன்.

ரத்தம்.

எச்சத்தில் ஒரு கோடு ரத்தம் பார்த்திருக்கிறேன். இது கோடு இல்லை. எச்சமே ரத்தம்.

தையல்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக் குளிர் வயிற்றில் இறங்கிவிட்டது என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. பூண்டு மோர் கொடுத்து, பல்பு போட்டுக் கூடைக்குள் வைக்கச் சொன்னேன். சரிக்கா என்று உடனே ஓடினாள். நான் எது சொன்னாலும் ஓடுவாள்.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டு செத்துவிட்டது.

செப்டம்பர் 11, மத்தியானம்

திரும்ப எழுதுகிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பறவைக் காய்ச்சலாக இருந்தால்? டிவியில் பார்த்தது ஞாபகம் வருகிறது. வெள்ளைக் கோட்டு, கையுறை, மூட்டை. ஒரு வீட்டில் வந்தால் தெருவில் இருக்கிற அத்தனை கோழியையும் கொண்டுபோய்விடுவார்கள். என் ஏழும் போகும். கிழட்டுச் சாம்பல், எட்டு வருடமாக என் காலடியிலேயே சுற்றுவது, அதுவும் போகும்.

கூட்டைச் சாத்தி மேலே பலகை வைத்துவிட்டு வந்தேன். யாருக்குத் தெரியாமல் இருக்க? எனக்கே தெரியவில்லை.

என் கோழிகளுக்கு ஒன்றும் இல்லை. எட்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. ஏன் என்னுடையதற்கு மட்டும் ஒன்றும் இல்லை?

செப்டம்பர் 12, வெள்ளி

இன்னும் மூன்று. மொத்தம் ஐந்து போயிற்று. காலையில் தையல்காரி செத்த குஞ்சுகளைத் தைத்து மிஞ்சிய துணியில் சுற்றி வைத்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. "அக்கா, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். எதையாச்சும் விட்டுட்டனா?" என்று கேட்டாள். அவள் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறாள்.

மாட்டு டாக்டரிடம் போனேன். வாழ்க்கையில் கோழிக்காக அந்தப் படி ஏறியதில்லை. மாட்டுக்குத்தானே டாக்டர், கோழிக்கு நான் இருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். செத்த குஞ்சு ஒன்றை ரொட்டிப் பெட்டியிலும், ரத்த எச்சத்தைப் பழைய மாத்திரை டப்பியிலும் எடுத்துப் போனேன். கூடையும் கையில் இருந்தது, பழக்கம்.

சின்னப் பெண். என் மகளை விடச் சின்னவள். கையுறை மாட்டிக்கொண்டு குஞ்சின் வயிற்றைக் கத்தரியால் திறந்தாள். நான் எத்தனையோ கோழியின் வெளிப்பக்கம் தடவியிருக்கிறேன், உள்பக்கத்தை இப்படிப் பார்த்ததில்லை. குடலின் கடைசியில் இரண்டு குட்டிப் பைகள், ரத்தம் கட்டிக் கறுத்து, அட்டை ரத்தம் குடித்து வீங்கின மாதிரி.

"பறவைக் காய்ச்சல் இல்லம்மா. பயப்படாதீங்க. ரத்தக்கழிச்சல்" என்றாள்.

எனக்கு உட்கார நாற்காலி போட்டாள். உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கிருமி. குடலைத் தின்னும். எச்சத்தோடு வெளியே வரும், ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தயாராகிவிடும். அதைக் கொத்தித் தின்ற குஞ்சுக்கு ஐந்து முதல் ஏழு நாளில் ரத்தம் போகும். குஞ்சுகளைத்தான் கொல்லும். வயதான கோழிகள் நோய் காட்டாமலே கிருமியைச் சுமக்கும், வெளியே விடும். புதுசாக வந்த கோழி ஏதாவது கொண்டுவந்திருக்கும், காவி நிறத்தில் தண்ணீராகப் போயிருக்கும், பார்த்தீர்களா என்று கேட்டாள்.

பார்த்தேன். எழுதியும் வைத்தேன். செம்மண் என்று.

பிறகு கூடையைப் பார்த்தாள். இரண்டு விரலால் சாக்கின் நுனியைத் தூக்கினாள். மடிப்புக்குள் காய்ந்ததும் ஈரமுமாக என்னென்னவோ இருந்தது. பன்னிரண்டு வருடமாக அது எனக்கு அழுக்காகவே தெரிந்ததில்லை.

"இது எத்தனை வீட்டுக்குப் போகும்மா?"

சாக்கை மடித்துக் கூடைக்குள் தள்ளினேன். அவள் தண்ணீரில் கலக்கிற பொடி கொடுத்து, அளவுக் கரண்டி கொடுத்து, தலைதட்டி ஒன்று ஒரு லிட்டருக்கு, வேறு தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள், தினம் புதிதாகக் கலக்குங்கள் என்றாள். தரையைக் காயவைக்கச் சொன்னாள். சோப்புக்கும் சாதாரண மருந்துத் தண்ணீருக்கும் இந்தக் கிருமி சாகாதாம். கொதிக்கிற தண்ணீரும் நல்ல வெயிலும்தான்.

செப்டம்பர் 12, சாயங்காலம்

பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாம் தேதி, புது விடைக்கோழி, காவி நிறம், சாக்கு. நாலாம் தேதி, தையல்காரி வீடு, சாக்கின்மேல் ஏறி விளையாடின. என் கையெழுத்து. நாலிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பத்தாம் தேதி ரத்தம்.

இன்னொரு தடவை எண்ணினேன். வேறு எண்ணிக்கை வரவில்லை.

நான்தான். என் கையால். கூடையில் தூக்கிக்கொண்டு போய் விரித்துவைத்தேன்.

நாலாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று நகத்தால் பிடித்தேன். இது நடுவில் தைத்த டைரி. இந்தப் பக்கத்தைக் கிழித்தால் அதோடு கோத்த எதிர்ப்பக்கமும் கழன்று வரும். விட்டுவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

செப்டம்பர் 13, சனி

காலையில் பொடி கலந்து தையல்காரி வீட்டில் வைத்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன், கூடை கொண்டுபோகவில்லை. குஞ்சுகள் குடித்தன. மருந்து வேலைசெய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். இன்றைக்கு இன்னொன்று போயிற்று, ஆறு.

"டாக்டர் எதனால வந்துச்சுன்னு சொன்னாங்களாக்கா?"

ஈரத்தால் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவள் யோசித்துவிட்டு, எல்லாம் பேக்கரியால்தான் என்றாள். அந்த ஆள் பின்பக்கம் மாவைக் கொட்டுகிறார், அதற்கு எலி வருகிறது, எலிதான் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கும். எனக்குத் தெரியும், எலி இல்லை. நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன்.

ஆட்டினேன். எழுதவே கூசுகிறது.

"நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்னக்கா பண்ணியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்தாள். அந்தக் கையைத்தான் பிடித்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாக்கை எரித்தேன். பின்பக்கம் செங்கல் அடுக்கி வைத்துக் கொளுத்தினேன். முதலில் பிடிக்கவில்லை, பிறகு மெதுவாக ஓரம் சிவந்தது. முடி பொசுங்குகிற நாற்றம். கூட்டுக்குள் கோழிகள் ஒரே கூச்சல் போட்டன. மகள் ஜன்னலில் இருந்து, என்னம்மா இது, வருஷக்கணக்கா கழுவச் சொன்னேன், இப்ப எரிக்கிற என்றாள். எலி கடித்துவிட்டது என்றேன். எல்லாப் பழியும் எலிக்குத்தான் போகிறது.

மகள் விடவில்லை. கிட்டே வந்து நின்று, "அம்மா, உனக்கு என்ன பயம்?" என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் பயத்தைக் காட்டியதில்லை. அவள் அப்பா போன அன்றைக்குக்கூட. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என்ன பயம்? தெருவில் என்னைப் பார்த்ததும் வாசல் கதவைச் சாத்துவார்கள் என்ற பயம். தையல்காரி இனி எனக்கு அக்கா என்ற வார்த்தையைத் தர மாட்டாள் என்ற பயம். இதெல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் இன்றைய தேதி. ஏழாம் தேதி பேக்கரியில் சாக்கு விரித்தேன். ஏழும் ஏழும் பதினான்கு.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தேன், அப்போது பேக்கரி ஆள் வாசலில் நின்றார். குஞ்சுங்க உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு என்றார்.

தலைவலி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மருந்துப் பொடி மாடத்தில் இருந்தது. என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.

ஒரு நாள் தாமதம் ஒரு குஞ்சுக்கு என்ன என்று எனக்குத் தெரியாதா?

தையல்காரி வீட்டில் ஏழாவதும் போயிற்று. பாதி.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் தெருவில் சத்தம். தையல்காரி பேக்கரிப் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாலு வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க மாவுக்கு வர்ற எலிதான் என் ஏழு குஞ்சையும் கொன்னுச்சு."

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். "எலி ரொட்டி திங்க வரும்மா. ரத்தக்கழிச்சல் குடுக்கவா வரும்? என் குஞ்சும்தான் ரத்தமாப் போகுது. நான் யாரைப் போய்க் கேக்குறது?"

நான் என் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போனேன். மாடத்துக்கு முன்னால் நின்றேன். தண்ணீர் குடித்தேன். பொடியை எடுத்தேன். டைரியையும் எடுத்தேன். ஏன் டைரி? சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேனா? இல்லை. கையில் ஏதாவது இல்லாமல் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஐம்பது அடிதான்.

இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று, எலி இல்லை, நான் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. டைரியைத் திறந்து படித்தேன். இரண்டாம் தேதி படித்தேன். நாலாம் தேதி படித்தேன். "விரட்ட மனம் வரவில்லை" என்ற இடத்தில் நிறுத்தினேன். தையல்காரி, படிங்க என்றாள். ஏழாம் தேதி படித்தேன். ஃபீஸ் என்று எழுதியதையும் படித்தேன். பதிமூன்றாம் தேதி தலை ஆட்டியதையும், நேற்று மருந்தை வைத்துக்கொண்டு தலைவலி என்றதையும்.

டைரியை மூடினேன்.

தையல்காரி கத்துவாள் என்று தயாராக நின்றேன். கத்தவில்லை. "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சிருக்காது."

"நான் இந்த மனுஷன்கூடச் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

"ஆமாம்."

கொஞ்ச நேரம் டைரியையே பார்த்தாள். "இனிமே என் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள். போய்விட்டாள். அக்கா என்று சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் மாவுக் கையை வேட்டியில் துடைத்தார். என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார், மூடினார். "தண்ணியில எவ்வளவு கலக்கணும், மொதல்ல அதைச் சொல்லுங்க. திட்டுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு" என்றார். சொன்னேன். பொடியில் பாதியைக் காகிதத்தில் மடித்து வாசற்படியில் வைத்தேன். அளவுக் கரண்டி ஒன்றுதான். அவர் தன் பேக்கரியில் ஈஸ்ட் அளக்கிற சின்னக் கரண்டியைக் கொண்டுவந்தார், என் கரண்டியால் உப்பை அளந்து அதில் கொட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

மகள் சாயங்காலம் வந்தபோது தெருவே சொல்லிவிட்டது போலிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, என் செருப்பு, கரண்டி, கூடை எல்லாவற்றின்மேலும் ஊற்றினாள். கூடை பிரிந்துபோயிற்று.

செப்டம்பர் 16, செவ்வாய்

தையல்காரி வீட்டில் எட்டாவது. மகள்தான் மிச்சப் பொடியையும் அளவுக் கரண்டியையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, கேட்டுவந்து சொன்னாள். பேக்கரியில் ஒன்று. அது என் தலைவலிக்குப் போனது.

செப்டம்பர் 17, புதன்

தையல்காரிக்கு மருந்து எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும், தரையில் புதுமரத்தூள் போடச் சொல்லி, எல்லாம் ஒரு தாளில் எழுதி அவள் வாசல் கேட்டின் கம்பியில் செருகிவிட்டு வந்தேன். உள்ளே கால் வைக்கவில்லை. திரும்பி நடக்கையில் மிஷின் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். தாள் இல்லை. காற்று கொண்டுபோயிருக்கலாம்.

செப்டம்பர் 20, சனி

டாக்டர் பெண்ணிடம் என் ஏழு கோழிகளின் எச்சத்தையும் தனித்தனி டப்பியில் கொண்டுபோனேன். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மூன்றில் கிருமி இருக்கிறது. அதில் ஒன்று கிழட்டுச் சாம்பல். ஒரு நாள்கூட இறக்கையைத் தொங்கப்போடாத சாம்பல். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, என் கோழிக்கு ஒன்றும் வராது என்று.

மருந்து கொடுக்கிற நாளிலும், அவள் குறித்துக் கொடுத்த தேதி வரைக்கும், முட்டை சாப்பிடக் கூடாது என்றாள். வருகிற முட்டையை உடைத்துப் புதைக்கிறேன். புதுக் கோழி வந்தால் மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். இது என்ன பெரிய வித்தை? எனக்கு ஏன் தோன்றவில்லை? என்னிடம் யாரும் சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டேன், அதனால்.

செப்டம்பர் 21, ஞாயிறு

குழாயடிக்குப் போகிற சாக்கில் தையல்காரி வீட்டு மதிலோரம் நின்றேன். ஆறு குஞ்சு. எண்ணினேன், ஆறு. மரத்தூள் புதுசாகக் கிடந்தது. அதன்மேல் எச்சம். பழுப்பு, மேலே வெள்ளை.

மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 27, சனி

யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

எதிர்வீட்டில் ஒரு கோழி கழுத்தை நீட்டி நீட்டி நடக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது, இரைப்பை அடைப்பு. சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. போகவில்லை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் கோழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பேக்கரிக்காரர் மட்டும் வழியில் பார்த்தால், என்ன டாக்டர், லைசென்ஸ் எப்போ திரும்பக் குடுப்பாங்க என்கிறார். கேலிதான். இருந்தாலும் பேசுகிறாரே.

மகள் புதுக் கூடை வாங்கி வந்தாள். பிளாஸ்டிக். கழுவலாம் என்றாள். அதில் ஒன்றும் வைக்கவில்லை, காலியாக ஆணியில் தொங்குகிறது. என் கை இனி எந்தக் கோழியையாவது தொடலாமா? தொட்டால் அதற்கு என்ன ஆகும்? பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி ஒரு தடவை வந்திருந்தால் போதும்.

அக்டோபர் 12, ஞாயிறு

டாக்டர் திரும்ப எச்சம் பார்த்தாள். ஏழும் சுத்தம். யாரிடம் சொல்ல என்று தெரியாமல் இதில் எழுதுகிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது போலிருந்தது. தையல்காரி. கை பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் வரவில்லை.

"நூல்காரி திங்கல. நேத்துலேர்ந்து கழுத்தை நீட்டுது" என்றாள்.

நான் கூடைப் பக்கம் போனேன். வேண்டாம், கை மட்டும் போதும் என்றாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். செருப்பை என் வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அவள் வாசலில் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு எனக்காகப் போட்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது, அடியில் இப்போது ஒரு அட்டைப்பெட்டி, நூல் விழுவதற்கு. ஆனாலும் எங்கேயோ ஒரு துண்டு கிடைத்திருக்கிறது அந்தக் கழுதைக்கு.

தரையில் ஒரு துண்டு விரித்து வைத்திருந்தாள். பழைய குளியல் துண்டு, வெள்ளையாகத் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று காய்ந்தது. ஓரத்தில் மஞ்சள் நூலால் ஒரு கோழித்தலை தைத்திருந்தது.

நூல்காரி இப்போது பாதிக் கோழி. துண்டின்மேல் வைத்ததும் துள்ளியது, இறக்கையால் என் முகத்தில் அடித்தது. சோப்பு வாசனை அதற்கு என்ன தைரியம் கொடுக்கும்? பயந்தது. தையல்காரி எதிரே உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் இறக்கையை அணைத்துப் பிடித்தேன். இரண்டு பேருமாகப் பிடித்ததில் அடங்கியது. எண்ணெய் விட்டு, பிசைந்து, காத்திருந்தோம். கடைசியில் நூல் வந்தது. இந்தத் தடவை நீலம்.

"பள்ளிக்கூட யூனிஃபார்ம்" என்றாள்.

எழுந்தபோது பழக்கத்தில் துண்டை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அவள் பின்னாலேயே வந்து அதை என் கக்கத்திலிருந்து உருவினாள். வெந்நீர் வாளியில் போட்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும்க்கா. அடுத்த தடவைக்கு."